"இருக்கலாம்" வேறு, "இருந்தே தீரும்" வேறு! சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வில் வரும் புதிர்கள்

ரெயிலில் தூங்கும் வசதி கொண்ட பெட்டி. அதன் ஒரு பகுதியில் எதிரும் புதிருமாக 6 படுக்கைகள். 1, 2, 3 ஆகியவை ஒரு பக்கம். 4, 5, 6 ஆகியவை எதிர்ப்பக்கம். 1-ம் 4-ம் கீழ்ப் படுக்கைகள். 2-ம் 5-ம் நடுப் படுக்கைகள். 3-ம் 6-ம் மேல் படுக்கைகள்.

இந்த 6 படுக்கைகளில் 6 பேர் பயணம் செய்கிறார்கள். ஆசிரியை, நர்ஸ், குமாஸ்தா, தையல்காரர், வெல்டர், கல்லூரி மாணவர். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்த விவரம் வருமாறு:-

ஆசிரியைக்குக் கீழ்ப் படுக்கை.

குமாஸ்தாவின் படுக்கைக்கு அடுத்து மேலே உள்ள படுக்கையில் நர்ஸ் இருக்கிறார்.

தையல்காரரும் வெல்டரும் ஒரே உயரத்தில், எதிர் எதிரே படுத்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான். இப்போது கேள்வி: கல்லூரி மாணவருக்குக் கிடைத்தது கீழ்ப் படுக்கையா, நடுப் படுக்கையா, மேல் படுக்கையா?

"மாணவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று தோன்றும். ஆனால் விடை இருக்கிறது. ஒரே ஒரு விடைதான் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன், இத்தகைய புதிர்களை யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

வக்கீல் படிப்புக்கு ஏன் புதிர்?

அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேர விரும்புகிறவர்களுக்கு 1948-ம் ஆண்டு முதல் ஒரு பொது நுழைவுத் தேர்வு நடத்தப்படுகிறது. "எல்சாட்" என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தத் தேர்வில் 1980-களில் இருந்து ஒரு தனிப் பகுதியாக இந்தப் புதிர்கள் இடம்பெற்றன. யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருவது, எந்த நாளில் யார் பேசுவது, எந்தக் குழுவில் யார் இடம்பெறுவது என்பது போன்ற 4 புதிர்கள். அவற்றை ஒட்டி இருபதுக்கு மேற்பட்ட கேள்விகள். நேரம் 35 நிமிடம்.

இந்தியாவில் பெங்களூருவில் உள்ள நேஷனல் லா ஸ்கூல், 1987-ம் ஆண்டு கர்நாடக அரசின் சட்டத்தின் மூலம் தொடங்கப்பட்டது. பிளஸ்-2 முடித்தவுடன் சேரும் 5 ஆண்டு சட்டப் படிப்புக்கு இதுவே முன்மாதிரி ஆயிற்று. அதைப் பின்பற்றிப் பல மாநிலங்களிலும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் அவற்றில் ஒன்று.

முதலில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே தேர்வு நடத்தியது. மாணவர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். 2008-ம் ஆண்டு 7 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து "கிளாட்" என்ற பொதுத் தேர்வைத் தொடங்கின. இன்று இருபதுக்கு மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் இந்த ஒரே தேர்வின் மூலம் மாணவர்களைச் சேர்க்கின்றன. 2019-ம் ஆண்டு வரை அதில் 200 கேள்விகள் இருந்தன. அவற்றில் 40 கேள்விகள் தர்க்க அறிவு பற்றியவை.

வக்கீலாகப் போகிறவருக்கு எதற்குப் புதிர் என்ற கேள்விக்கு, ரெயில் பெட்டிப் புதிரை விடுவித்துப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

பென்சில் எடுத்தால் பாதி முடிந்தது

மனக்கணக்காகப் போட்டால் தலை சுற்றும். ஒரு துண்டுக் காகிதத்தில் ஏணி போல 3 வரிசைகள், 2 பக்கங்கள் என 6 கட்டங்கள் போடவேண்டும்.

எதில் இருந்து தொடங்குவது? அதிகமான இடத்தை அடைக்கிற நிபந்தனையில் இருந்து தொடங்கவேண்டும். தையல்காரரும் வெல்டரும் சேர்ந்து ஒரு வரிசை முழுவதையும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வரிசை எது? மூன்றே வழிகள்தான் உண்டு.

அது கீழ் வரிசையாக இருக்க முடியாது. இரண்டு கீழ்ப் படுக்கைகளும் போய்விட்டால் ஆசிரியைக்கு இடம் இல்லை.

அது நடு வரிசையாகவும் இருக்க முடியாது. குமாஸ்தாவும் நர்சும் அடுத்தடுத்து மேலும் கீழுமாக இருக்கவேண்டும். நடு வரிசை அடைபட்டுவிட்டால் கீழும் மேலும்தான் மிச்சம். அவை அடுத்தடுத்த படுக்கைகள் அல்ல.

ஆகவே தையல்காரரும் வெல்டரும் மேல் படுக்கைகளில்தான் இருந்தாகவேண்டும்.

இனிக் கீழும் நடுவும் மட்டுமே மிச்சம். குமாஸ்தா கீழே, நர்ஸ் நடுவில். அது ஒரு பக்கம். ஆசிரியைக்கு எதிர்ப்பக்கத்துக் கீழ்ப் படுக்கை. எல்லோரும் போக மிச்சம் இருப்பது ஆசிரியைக்கு மேலே உள்ள நடுப் படுக்கை ஒன்றுதான். மாணவரின் இடம் அதுவே!

மாணவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. மற்றவர்களைப் பற்றிச் சொன்னதே அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. இதில் கணக்குப் பாடம் இல்லை. பொது அறிவு இல்லை. மனப்பாடம் இல்லை. "முடியாது" என்று நிரூபிக்கக் கூடியவற்றை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரவேண்டும். அவ்வளவுதான் வித்தை.

கண்ணி வைக்கும் கேள்வி

இதே புதிரில் இன்னொரு கேள்வி கேட்பார்கள். "ஆசிரியையின் படுக்கை எண் 1 என்றால், கீழ்க்கண்டவற்றில் எது நிச்சயமாக உண்மை?" என்று கேட்டு, விடைகளில் ஒன்றாக "தையல்காரருக்கு 3-ம் எண்" என்று கொடுத்திருப்பார்கள்.

கட்டத்தைப் பார்த்தால் 3-ம் எண் மேல் படுக்கைதான். தையல்காரர் அதில் இருக்க வாய்ப்பு உண்டு. அவசரக்காரர் உடனே அதைக் குறித்துவிடுவார். ஆனால் வெல்டர் 3-ம் எண்ணிலும் தையல்காரர் 6-ம் எண்ணிலும் இருந்தாலும் எந்த நிபந்தனையும் மீறப்படவில்லையே! எனவே அது "இருக்கலாம்". "இருந்தே தீரும்" அல்ல. அதே சமயம் "மாணவருக்கு 2-ம் எண், குமாஸ்தாவுக்கு 4-ம் எண், நர்சுக்கு 5-ம் எண்" என்பவை நிச்சயம்.

இந்த வேற்றுமைதான் சட்டத்தின் உயிர்நாடி. மராட்டிய மாநிலத்தில் இருந்து வந்த சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில், 1984-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. அது நேரில் பார்த்த சாட்சி இல்லாத கொலை வழக்கு. சந்தர்ப்ப சாட்சியங்கள் மட்டுமே இருந்தன. கீழ்க்கோர்ட்டு மரண தண்டனை விதித்தது. ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. ஆனால் சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

சந்தர்ப்ப சாட்சியத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால் 5 விதிகள் நிறைவேற வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. "நிரூபிக்கப்பட்டு இருக்கலாம்" என்பது போதாது, நிரூபிக்கப்பட்டே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். குற்றவாளி என்ற ஒரு முடிவைத் தவிர வேறு எந்த முடிவுக்கும் இடம் இருக்கக் கூடாது. சாட்சியச் சங்கிலியில் ஒரு கண்ணியும் விட்டுப்போகக் கூடாது. அந்த விதிகள் இன்றும் கோர்ட்டுகளில் எடுத்துக் காட்டப்படுகின்றன.

ரெயில் பெட்டிப் புதிரில் அவசரப்பட்டால் ஒரு மார்க்கு போகும். கோர்ட்டில் அவசரப்பட்டால் ஓர் உயிர் போகும். வக்கீல் படிப்புக்குப் புதிர் கேட்பதன் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் புதிர் போனது ஏன்?

இந்தப் புதிர்கள் பற்றிய இன்னொரு சேதியும் சிந்திக்கத் தக்கது. அமெரிக்கத் தேர்வில் இருந்து 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டுவிட்டது.

மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த, கண் பார்வை இல்லாத ஓர் இளைஞர் தொடுத்த வழக்கே இதற்குத் தொடக்கம். கட்டம் போட்டால் எளிதில் விடை வரும். கட்டம் போட முடியாதவர் என்ன செய்வார்? நல்ல வக்கீல் ஆவதற்குப் படம் வரையும் திறமை அவசியமா? இதுவே அவருடைய வாதம். 2011-ல் தொடங்கிய போராட்டம் 2019-ல் சமரசத்தில் முடிந்தது. 4 ஆண்டுகளுக்குள் வேறு வகையில் தர்க்க அறிவைச் சோதிக்கும் வழி காண்பதாகத் தேர்வு அமைப்பு ஒப்புக்கொண்டது. அதன்படி புதிர்கள் நீங்கின. வாதங்களை எடைபோடும் கேள்விகள் கூடின.

புதிர்த் தேர்வை எதிர்த்தவரும் தர்க்கத்தைக் கொண்டே எதிர்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

கிளாட் தேர்விலும் மாற்றம்

நம் நாட்டிலும் 2020-ம் ஆண்டு கிளாட் தேர்வு முறை மாறியது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பத்தியைக் கொடுத்து, அதை ஒட்டிக் கேள்விகள் கேட்கத் தொடங்கினார்கள். 2023 டிசம்பரில் நடந்த தேர்வில் இருந்து மொத்தம் 120 கேள்விகள், 120 நிமிடங்கள். ஆங்கிலம், நடப்புச் செய்திகளும் பொது அறிவும், சட்டம் சார்ந்த சிந்தனை, தர்க்கம், எளிய கணிதம் என்று 5 பகுதிகள். தர்க்கப் பகுதியின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று.

பத்தி வந்துவிட்டதால் புதிர்ப் பயிற்சி வீண் என்று எண்ணக்கூடாது. வங்கித் தேர்வுகளிலும் ரெயில்வே தேர்வுகளிலும் புதிர்கள் இன்றும் வருகின்றன. பத்தியில் கேட்பதும் அதே "இருக்கலாமா, இருந்தே தீருமா" என்ற கேள்வியைத்தான்.

உதாரணமாக ஒரு பத்தியில் இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம். "இன்று இந்த ரெயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட எல்லோருக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. நீலச் சட்டைக்காரருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஆகவே அவர் டிக்கெட் இல்லாமல் வந்தவர்."

கேட்பதற்குச் சரி போல இருக்கிறது. ஆனால் தவறு. பெட்டியில் புகை பிடித்ததற்காகவும் அபராதம் உண்டு. டிக்கெட் இல்லாதவர்கள் எல்லோருக்கும் அபராதம் என்றால், அபராதம் கட்டியவர்கள் எல்லோரும் டிக்கெட் இல்லாதவர்கள் என்று ஆகிவிடாது. ஆனால், "அவருக்கு இன்று அபராதம் விதிக்கப்படவில்லை, ஆகவே அவர் டிக்கெட் இல்லாமல் பிடிபடவில்லை" என்றால் அது சரி. அங்கே தப்பிக்க வழியே இல்லை.

"தான்" என்ற சிறு சொல்

கிளாட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தமிழிலோ கன்னடத்திலோ படித்த பிள்ளைகளுக்கு இதுவே பெரிய மலை. ஆனால் தர்க்கக் கேள்விகளைப் பொறுத்தவரை, தடுக்கி விழச் செய்பவை பெரிய பெரிய சொற்கள் அல்ல. கைக்கு அடக்கமான சில சிறு சொற்கள்தான்.

ஆங்கிலத்தில் "இஃப்" என்பதும் "ஒன்லி இஃப்" என்பதும் வெவ்வேறு. தமிழில் இந்த வேற்றுமை நம் வாயில் தானாகவே வருகிறது. "பாஸ் இருந்தால் கேட்டுக்குள் விடுவார்கள்" என்றால் பாஸ் ஒன்று போதும். "பாஸ் இருந்தால்தான் கேட்டுக்குள் விடுவார்கள்" என்றால் பாஸ் இல்லாமல் முடியாது. ஆனால் பாஸ் மட்டும் இருந்தால் போதும் என்று சொல்லவில்லை. தலைக்கவசமும் வேண்டியிருக்கலாம். தொழிற்சாலைக்குப் போகிற எவருக்கும் இது தெரியும். "ஒன்லி இஃப்" என்று வரும் இடத்தில் எல்லாம் "தான்" போட்டுப் படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

"அன்லெஸ்" என்றால் "இல்லாவிட்டால்". "அட் லீஸ்ட்" என்றால் "குறைந்தது". "அட் மோஸ்ட்" என்றால் "அதிகபட்சம்". "எக்செப்ட்" என்பது கேள்வியின் கடைசியில் வந்தால், பொருந்தாத ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். இந்தச் சொல்லைக் கவனிக்காமல் மார்க்கைப் பறிகொடுப்பவர்கள் உண்டு. இத்தகைய பத்துப் பன்னிரண்டு சொற்களை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தால் போதும்.

நிமிடத்துக்கு ஒரு கேள்வி

பத்தியைப் படிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கேள்விக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கிறது. சரியான விடைக்கு 1 மார்க்கு. தவறான விடைக்கு கால் மார்க்கு கழித்துவிடுவார்கள். விடை எழுதாவிட்டால் கழிப்பது இல்லை. அதாவது 4 தவறுகள் சேர்ந்து ஒரு சரியான விடையைத் தின்றுவிடும்.

எனவே 4 விடைகளில் இரண்டை "இது முடியவே முடியாது" என்று அடித்துவிட்டால், மிச்சம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது லாபம். எதையும் அடிக்க முடியவில்லை என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவது நல்லது. ஒரே புதிரோடு மல்லுக்கட்டி 5 நிமிடத்தைப் போக்குகிறவர், பின்னால் இருக்கும் 4 எளிய கேள்விகளை இழக்கிறார்.

தேர்வு காகிதத்தில்தான் நடக்கிறது. வினாத்தாளின் ஓரத்தில் கட்டம் போட்டுப் பார்க்கலாம்.

பெங்களூருத் தமிழர்கள் கவனிக்கவேண்டியது

நாகரபாவியில் உள்ள நேஷனல் லா ஸ்கூலில் கர்நாடக மாணவர்களுக்கு 25 சதவீத இட ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது. யார் கர்நாடக மாணவர்? கர்நாடகத்தில் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்களில் 10 ஆண்டுகளுக்குக் குறையாமல் படித்தவர். வீட்டில் பேசும் மொழி எது, அப்பாவின் ஊர் எது என்பது அதில் அளவுகோல் அல்ல. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் கோலார் தங்கவயலிலும் வளர்ந்து, இங்கேயே பள்ளிக்குப் போகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது முக்கியமான செய்தி ஆகும்.

ஒவ்வொரு பள்ளியில் இருந்தும் "ஸ்டடி சர்டிபிகேட்" வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். பள்ளி மாறும்போதே வாங்கிவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் பழைய பள்ளிக்கு அலைவது பெரும் தொல்லை. விதிகள் மாறக் கூடும் என்பதால் அந்தந்த ஆண்டு வெளியாகும் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளாட் எழுதப் பிளஸ்-2 தேர்வில் 45 சதவீத மார்க்கு போதும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 40 சதவீதம். வயது வரம்பு இல்லை. பிளஸ்-2 படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். 2024 டிசம்பர் 1-ந் தேதி நடந்த தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் ரூ.4 ஆயிரம். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் ரூ.3,500.

மாதச் சம்பளக்காரருக்கு இது சிறிய தொகை அல்ல. இடம் கிடைத்தபின் படிப்புச் செலவும் லட்சக்கணக்கில் ஆகும். வங்கிக் கடன், கல்வி உதவி ஆகியவற்றைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து வைக்கவேண்டும். ஆனால் தேர்வுக்குத் தயார் செய்வதற்கு லட்சம் ரூபாய் பயிற்சி வகுப்பு இருந்தால்தான் முடியும் என்பது இல்லை. பழைய வினாத்தாள்கள் கிளாட் நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இணையதளத்தில் கிடைக்கின்றன.

தினமும் அரை மணி

தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டபின், தங்கவயலில் இருந்து எத்தனையோ பேர் அதிகாலை ரெயிலில் பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகிறார்கள். ஒற்றை அறை வீட்டில் பிள்ளைக்குப் படிக்க மேஜை இல்லை என்று வருந்துகிறவர்களும் உண்டு. புதிர்ப் பயிற்சிக்கு மேஜை வேண்டியது இல்லை. ஒரு நோட்டும் பென்சிலும், தினமும் அரை மணி நேரமும் போதும்.

முதல் மாதம் கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது. ஒரு புதிருக்கு 20 நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. ஏன் மற்ற விடைகள் தவறு என்பதையும் சொல்லத் தெரியவேண்டும். பிள்ளை விடை சொன்னதும், "ஏன்?" என்று கேட்க ஆள் இருந்தால் போதும். அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு அப்பாவோ அம்மாவோ ஆங்கிலம் படித்திருக்க வேண்டியது இல்லை. இரண்டாம் மாதத்தில் இருந்து நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

இன்று இரவே தொடங்க ஒரு புதிர்:-

ஓர் ஆபீசில் 5 குமாஸ்தாக்கள். அவர்கள் க, ச, த, ப, ம. திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் ஒருவர் வீதம் லீவு எடுக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நாள்தான். "த" எடுப்பது புதன்கிழமை. "க" லீவு எடுத்த மறுநாளே "ச" எடுக்கிறார். "ப" எடுத்த பிறகுதான் "ம" எடுக்கிறார். ஆனால் "ம" எடுப்பது வெள்ளிக்கிழமை அல்ல. திங்கட்கிழமை லீவு யாருக்கு?

விடையைப் பார்ப்பதற்கு முன் 5 கட்டங்களைப் போட்டுப் பாருங்கள்.

விடை: திங்கட்கிழமை லீவு "ப"வுக்கு. புதன் போய்விட்டதால், அடுத்தடுத்து வரும் "க", "ச" இருவருக்கும் திங்கள்-செவ்வாய் அல்லது வியாழன்-வெள்ளி மட்டுமே பொருந்தும். திங்கள்-செவ்வாய் என்றால் "ப" வியாழன், "ம" வெள்ளி என்று ஆகிவிடும். அது கூடாது. ஆகவே "க" வியாழன், "ச" வெள்ளி. "ப" திங்கள், "ம" செவ்வாய். இதில் "இருக்கலாம்" என்பதற்கே இடம் இல்லை. எல்லாம் இருந்தே தீரும்!